கூரைக்குக் கீழே தடுமாறும் நீலப் புள்ளி

ஊருக்குப் புதியவர் என்றாலும், ஒரு பெரிய மருத்துவமனையின் வாசல்வரை கைப்பேசி பிசகாமல் கூட்டிவந்துவிடும். எந்த சிக்னலில் திரும்புவது, எந்தப் பாலத்தில் ஏறாமல் ஓரமாகப் போவது என்பதுவரை சொல்லும். வாசலைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைத்ததும் கதை மாறிவிடுகிறது. வரைபடத்தின் நீலப் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவுகிறது. சற்று நேரத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் போய் நிற்கிறது. எக்ஸ்ரே அறை இரண்டாம் மாடியில் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதை வரவேற்பு மேசையில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

20,000 கிலோமீட்டருக்கு அப்பால் சுற்றும் செயற்கைக்கோள்களைக் கொண்டு, திறந்த வெளியில் ஐந்து மீட்டர் துல்லியத்தில் இடம் சொல்லும் கருவி அது. ஒரு கட்டடத்துக்குள் அது ஏன் திணறுகிறது? கூரை மறைக்கிறது என்பது பாதி விடை. மீதியைச் சுவர்களிடம்தான் தேட வேண்டும். கட்டடத்துக்குள் இருப்பவரின் இடத்தைத் துல்லியமாகக் கண்டறியும் இந்தத் துறைக்கு உள்ளக இடங்காணல் என்று பெயர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இத்துறையினர் செய்துவருவதெல்லாம் சுவர்களைச் சமாளிக்க வழி தேடுவதுதான்.

முதலில் வெளியில் நடப்பதைப் பார்ப்போம். ஒவ்வொரு ஜி.பி.எஸ். செயற்கைக்கோளும் தன் அணுக்கடிகாரம் காட்டும் நேரத்தையும், தான் இருக்கும் இடத்தையும் ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்தச் செய்தி எப்போது கிளம்பியது, எப்போது வந்து சேர்ந்தது என்று கைப்பேசி பார்க்கிறது. இடைப்பட்ட நேரம் தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் செல்வது. ஒரு நானோ நொடியில், அதாவது நொடியை நூறு கோடியாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு பங்கில், அது 30 சென்டிமீட்டர் கடக்கிறது. மூன்று செயற்கைக்கோள்களிலிருந்து உள்ள தூரம் தெரிந்தால் இடத்தைக் கணித்துவிடலாம். ஆனால் கைப்பேசியில் இருப்பது மலிவான கடிகாரம். நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரக் கணக்கு 300 மீட்டர் தப்பிவிடும். அந்தப் பிசகையும் சேர்த்துக் கண்டுபிடிக்கவே நான்காவது செயற்கைக்கோள் தேவைப்படுகிறது.

இவ்வளவு தொலைவிலிருந்து வரும் அலை தரையைத் தொடும்போது அதில் மிஞ்சியிருக்கும் ஆற்றல், ஒரு வாட்டில் நூறு கோடி கோடியில் ஒரு பங்கு. வானில் எப்போதும் இருக்கும் ரேடியோ இரைச்சலைவிட இது குறைவு. அலையில் பொதிந்துள்ள சங்கேத வரிசை கைப்பேசிக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால்தான் இரைச்சலுக்கு நடுவிலும் அதைப் பிரித்தெடுக்க முடிகிறது. ஒரு கான்கிரீட் தளமே இந்த ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கை உறிஞ்சிவிடக்கூடும். இரண்டு மூன்று தளங்களுக்குக் கீழே நிற்பவருக்கு எஞ்சுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

ஒன்றுமே வந்து சேராவிட்டால் கைப்பேசி "தெரியவில்லை" என்று சும்மா இருந்துவிடும். ஆனால் ஜன்னல் வழியாகவும், எதிர்க் கட்டடத்துக் கண்ணாடியில் மோதித் திரும்பியும் கொஞ்சம் அலை உள்ளே வந்துவிடுகிறது. அது சுற்றிவந்த அலை என்பதைக் கைப்பேசி அறியாது. நேரே வந்ததாக எண்ணிக் கணக்குப் போடுகிறது. கூடுதலாகக் கிடைத்த தூரத்துக்கேற்ப நீலப் புள்ளியைத் தெருவுக்குத் தள்ளிவிடுகிறது. ஒரே அலை பல வழிகளில் வந்து சேரும் இந்தச் சிக்கலைப் பல்வழிப் பரவல் என்பார்கள். வெளியே இது எப்போதாவது வரும் தொந்தரவு. உள்ளே சுவர், தரை, கூரை, இரும்பு அலமாரி, லிஃப்ட் கதவு என எல்லாமே அலையைத் திருப்பி அனுப்புவதால், பல்வழிப் பரவலே அங்கு இயல்பு நிலை.

சுவரைத் தடையாக எண்ணாமல் துணையாக்கிக்கொண்டவர்கள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஒலிவெட்டி ஆய்வகத்தினர். ராய் வான்ட், ஆண்டி ஹாப்பர் ஆகியோர் தம் குழுவினருடன் அங்கே ஒரு சிறிய அட்டையை உருவாக்கினார்கள். சட்டையில் குத்திக்கொள்ளும் அந்த அட்டை, 15 நொடிக்கு ஒருமுறை அகச்சிவப்பு ஒளியில் தன் அடையாள எண்ணை அனுப்பும். அகச்சிவப்பு ஒளி சுவரைத் துளைக்காது. ஆகவே எந்த அறையின் உணரி அந்த எண்ணைப் பிடிக்கிறதோ, அந்த அறையில்தான் ஆள் இருக்கிறார். 1992-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. அலுவலகத்துக்கு வரும் தொலைபேசி அழைப்பை, உரியவர் அப்போது இருக்கும் அறைக்கே வரவேற்பாளர் திருப்பிவிட முடிந்தது. ஆனால் அறைக்குள் எந்த மூலையில் என்பது தெரியாது. யார் எங்கே இருக்கிறார் என்ற முழு விவரமும் ஒரு மையக் கணினியில் சேர்ந்துகொண்டே போனது.

இந்த இரண்டு குறைகளையும் ஒருசேரத் தீர்க்க முயன்றது, 2000-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவான கிரிக்கெட் என்ற அமைப்பு. நிசங்க பிரியந்தா, அனித் சக்ரவர்த்தி, ஹரி பாலகிருஷ்ணன் மூவரும் அதை வடிவமைத்தார்கள். பாலகிருஷ்ணன் சென்னை ஐ.ஐ.டி.யில் கணினி அறிவியல் படித்தவர். 2023-இல் மார்க்கோனி பரிசு பெற்றவர்.

கிரிக்கெட்டின் அடிப்படை எளியது. மின்னல் வெட்டியதும் மனதுக்குள் எண்ணத் தொடங்கி, இடி எத்தனையாவது எண்ணில் கேட்கிறது என்று பார்த்து மழை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று சொல்வது கிராமத்துப் பழக்கம். ஒளி உடனே வந்துவிடுகிறது, ஒலி பின்தங்குகிறது, பின்தங்கும் நேரம்தான் தூரம். கிரிக்கெட்டில் கூரையில் பொருத்திய சிறு பெட்டி ஒரே கணத்தில் ரேடியோ அலையையும் மீயொலியையும் அனுப்புகிறது. மீயொலி என்பது மனிதச் செவிக்கு எட்டாத உயர் அதிர்வு கொண்ட ஒலி. கையிலிருக்கும் கருவி, ரேடியோ அலை வந்த பிறகு மீயொலி வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கிறது. ஒலி ஒரு மில்லி நொடியில் சுமார் 34 சென்டிமீட்டர்தான் போகும். நானோ நொடியை அளக்கும் விலையுயர்ந்த மின்னணுச் சுற்று இல்லாமலேயே, சில சென்டிமீட்டர் துல்லியம் கிடைத்துவிடுகிறது.

இதில் இன்னொரு முடிவும் இருக்கிறது. தொழில்நுட்பத்துக்கு இணையாக அதுவும் முக்கியம். கூரைப் பெட்டிகள் பேச மட்டுமே செய்யும், கேட்காது. கேட்பதும் கணக்கிடுவதும் கையிலிருக்கும் கருவிதான். எனவே ஒருவர் எங்கே நிற்கிறார் என்பது, அவராகச் சொன்னாலொழிய, கட்டடத்துக்குத் தெரியாது.

ஆனால் அறைக்கு அறை கூரையில் பெட்டி மாட்டுவது செலவு பிடிக்கும் வேலை. ஏற்கெனவே கட்டடத்தில் இருப்பதை வைத்தே இடம் கண்டுபிடிக்க முடியாதா என்று, அதே காலத்தில் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவில் பரம்வீர் பாலும் வெங்கட பத்மநாபனும் யோசித்தார்கள். அலுவலகத்தின் ஒரு தளத்தில் கம்பியில்லா வலையமைப்புக்கான மூன்று நிலையங்கள் இருந்தன. நிலையத்தை நெருங்கினால் சமிக்ஞை கூடும், விலகினால் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடப் போனால் பல்வழிப் பரவல் குறுக்கே வந்து நிற்கும். கதவுக்கு இந்தப் பக்கம் ஓர் அளவு, அந்தப் பக்கம் வேறு அளவு. தூரமோ இரண்டு அடிதான்.

அவர்கள் இந்தக் குழப்பத்தைத் திருத்த முற்படவில்லை, பதிவு செய்தார்கள். மடிக்கணினியுடன் தளம் முழுவதும் நடந்து, 70 இடங்களில் நின்று, மூன்று நிலையங்களின் சமிக்ஞை வலிமையையும் குறித்தார்கள். ஒவ்வோர் இடத்திலும் நான்கு திசைகளையும் பார்த்து நின்று தனித்தனியாக அளந்தார்கள். மனித உடலில் பெரும்பகுதி நீர். வைஃபை அலையை நீர் உறிஞ்சும். நிலையத்துக்கு முதுகு காட்டி நின்றால் அளவு சட்டென்று குறைந்தது. இப்படி ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு எண் தொகுப்பு கிடைத்தது. இதைச் சமிக்ஞைக் கைரேகை என்கிறார்கள். இனி யாராவது அங்கு வந்தால், அவர் கருவி காட்டும் எண்களைப் பட்டியலோடு ஒப்பிட்டு, மிக நெருங்கியது எது என்று பார்த்தால் போதும்.

இது உண்மையில் வேலை செய்கிறதா என்று சோதித்த விதம் கவனிக்கத்தக்கது. 70 இடங்களில் ஒன்றை எடுத்து, அதன் விடையை மறைத்துவிட்டு, மீதமுள்ள 69 இடங்களின் பதிவை மட்டும் வைத்து அதன் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கணினி சொன்ன இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் இடையே உள்ள தூரம்தான் பிழை. இதைத் திரும்பத் திரும்பச் செய்தபோது, பாதிக்குப் பாதி முறை பிழை மூன்று மீட்டருக்குள் அடங்கியது. வலுவாகக் கேட்கும் நிலையத்தின் அருகில்தான் ஆள் இருப்பார் என்று எளிமையாக ஊகித்தால், அதே அளவுகோலில் பிழை எட்டு மீட்டர். 2000-இல் ரேடார் என்ற பெயரில் வெளியான இந்த ஆய்வுதான், வைஃபையை வைத்து இடம் சொல்லும் இன்றைய முறைகளுக்கு முன்னோடி.

கைரேகை முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. சுவரைத் தள்ளிக் கட்டினாலோ, வைஃபை பெட்டியை இடம் மாற்றினாலோ, காலியாக இருந்த கூடத்தில் திருவிழாக் கூட்டம் நிறைந்தாலோ பழைய கைரேகை பொருந்தாது. மறுபடி யாராவது நடந்து அளக்க வேண்டும். ஆகவே பெரிய விமான நிலையங்கள் அலைபரப்பும் சிறு பெட்டிகளைத் தாமே நிறுவத் தொடங்கின. லண்டனின் கேட்விக் விமான நிலையம் 2017-இல் தன் இரு முனையங்களிலும் சுமார் 2,000 புளூடூத் பெட்டிகளைப் பொருத்தியது. பேட்டரியில் ஓடும் அந்தப் பெட்டிகளின் துணையுடன், பயணியின் கைப்பேசி மூன்று மீட்டர் அளவுக்கு இடம் சொல்ல முடிந்தது.

விமானம் ஏறும் வாயிலைக் கண்டுபிடிக்க மூன்று மீட்டர் தாராளம். கிடங்கில் இந்த அடுக்கா பக்கத்து அடுக்கா என்று அறிய அது போதாது. அதைவிடத் துல்லியம் வேண்டுமென்றால் சமிக்ஞை வலிமையை விட்டுவிட்டு, மறுபடி நேரத்துக்கே திரும்ப வேண்டும். அப்படியானால் புளூடூத் அலையின் பயண நேரத்தையே அளந்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் அலைவரிசையின் அகலம் குறுக்கிடுகிறது.

அலைவரிசை எவ்வளவு அகலமோ, அவ்வளவு குறுகிய துடிப்பை அதில் அனுப்பலாம். இரண்டு மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள புளூடூத் தடத்தில் ஒரு துடிப்பு ஏறக்குறைய 500 நானோ நொடி நீடிக்கும். அந்த நேரத்தில் அலை 150 மீட்டர் போய்விடும். ஓர் அறைக்குள் நேரே வந்த துடிப்பும், சுவரில் பட்டு ஐந்து மீட்டர் சுற்றிவந்த துடிப்பும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து பிரிக்க முடியாமல் போகும். மீஅகல அலைவரிசை எனப்படும் அல்ட்ரா வைட்பேண்ட் குறைந்தது 500 மெகாஹெர்ட்ஸ் அகலம் கொண்டது. அதன் துடிப்பு இரண்டே நானோ நொடி. தூரக் கணக்கில் 60 சென்டிமீட்டர். இப்போது முதலில் வந்தது எது, சுற்றிவந்தது எது என்று தனித்தனியாகத் தெரிகிறது. முதலில் வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடலாம். சுமார் பத்து சென்டிமீட்டர் துல்லியம் இப்படித்தான் கிடைக்கிறது.

அமெரிக்கா 2002-இல் இந்த அலைவரிசையைப் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது. 2019-இல் ஐபோன் 11-இல் அதற்கான சில்லு வந்தது. 2021-இல் வந்த ஏர்டேக் என்ற தேடல் வில்லை, சோஃபாவின் இடுக்கில் கிடக்கும் சாவியை அம்புக்குறி காட்டி எடுத்துக்கொடுப்பது இதனால்தான். பிற கருவிகளுக்கு இடைஞ்சல் கூடாது என்பதற்காக மிகக் குறைந்த ஆற்றலிலேயே இது இயங்க வேண்டும். எனவே எட்டும் தூரம் சில பத்து மீட்டர்தான். வைஃபையிலும் நடுவழி ஒன்று உண்டு. கைப்பேசி கேட்க, நிலையம் பதில் சொல்ல, போய்வந்த நேரத்தை அளக்கும் வசதியை 2018-இல் ஆண்ட்ராய்டு 9 கொண்டுவந்தது. அதன் துல்லியம் ஒன்றிரண்டு மீட்டர்.

இடமும் வலமும் தெரிந்தால் போதாது, மாடியும் தெரிய வேண்டும். ஆம்புலன்ஸை அழைப்பவர் பதினான்காம் மாடியிலா நான்காம் மாடியிலா என்று தெரியாவிட்டால் மற்ற துல்லியத்தால் பயனில்லை. பல கைப்பேசிகளில் சிறிய காற்றழுத்தமானி ஒன்று இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். ஒரு மாடி ஏறினால் ஏறக்குறைய 0.36 ஹெக்டோபாஸ்கல். இந்தச் சிறு வேறுபாட்டை அது பிடித்துவிடும். சிக்கல் வானிலைதான். மழை மேகம் வந்தால் தரையிலேயே அழுத்தம் சில ஹெக்டோபாஸ்கல் மாறி, உட்கார்ந்த இடத்திலேயே பத்து மாடி ஏறியதாகக் காட்டும். அதே நேரத்தில் அருகில் ஒரு நிலையம் அளந்த தரை அழுத்தத்தோடு ஒப்பிட்டுத்தான் திருத்த முடியும். அவசர அழைப்புகளில் 80 விழுக்காட்டில் உயரத் துல்லியம் மூன்று மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2019-இல் விதித்தது. ஏறத்தாழ ஒரு மாடி உயரம் அது.

இதுவரை சொன்னவை எல்லாம் முன்கூட்டியே தயாரான கட்டடங்களுக்குரியவை. பெட்டி மாட்டியிருக்க வேண்டும், அல்லது யாராவது அளந்து வைத்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாத கட்டடத்தில், மின்சாரமும் போய், புகை சூழ்ந்தால்?

1999 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர் நகரில், கைவிடப்பட்ட குளிர்பதனக் கிடங்கு ஒன்று தீப்பிடித்தது. குளிர் வெளியேறாதிருக்கக் கட்டப்பட்டதால் ஜன்னல்கள் ஏறக்குறைய இல்லை. சுவர்களில் தக்கையும் பிளாஸ்டிக் நுரையும் தடிமனாக அடைத்திருந்தது. வீடற்றவர்கள் உள்ளே மாட்டியிருக்கலாம் என்ற தகவலால் தீயணைப்பு வீரர்கள் தேடப் போனார்கள். இருவர் புகையில் வழி தவறி, வாக்கி-டாக்கியில் உதவி கேட்டார்கள். குரல் கேட்டது, எங்கிருந்து வருகிறது என்பது தெரியவில்லை. அவர்களைத் தேடிப்போன நால்வரும் திரும்பவில்லை. ஆறு பேர் மாண்டார்கள். அவர்கள் தேடியவர்களோ முன்பே வெளியேறியிருந்தார்கள். அதே நகரில் உள்ள வூஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரி, இந்த இழப்புக்குப் பிறகு தீயணைப்பு வீரரைக் கட்டடத்துக்குள் கண்டறியும் ஆய்வைத் தன் பணியாக எடுத்துக்கொண்டது. 2006 முதல் இதற்கென்றே ஆய்வுக் கூட்டங்களையும் நடத்தியது.

வெளியுதவி எதுவுமில்லாமல், ஒருவரின் அசைவை மட்டும் வைத்து இடம் சொல்ல ஒரு வழி உண்டு. முடுக்கமானி என்ற சில்லு வேக மாற்றத்தை உணர்கிறது. அதைக் கூட்டினால் வேகம். வேகத்தைக் கூட்டினால் கடந்த தூரம். இருமுறை கூட்டுவதால் பிழையும் பெருகுகிறது. புவியீர்ப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சில்லு பிசகினாலும், ஒரு நிமிடத்தில் கணக்கு 18 மீட்டர் தப்பும். பத்து நிமிடத்தில் அது 1.8 கிலோமீட்டர்.

இதற்குத் தீர்வு காலடியில் கிடைத்தது. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் பாதம் தரையில் அழுந்தி ஒரு கணம் அசையாமல் நிற்கிறது. உடல் முன்னே போய்க்கொண்டிருந்தாலும் அந்தக் கணத்தில் பாதத்தின் வேகம் பூச்சியம். சில்லைக் காலணியில் வைத்தால், அந்தக் கணத்தில் கணக்கு காட்டும் வேகம் முழுவதும் பிழை என்று தெரிந்துவிடும், உடனே கழித்துவிடலாம். ஒவ்வோர் அடியிலும் கணக்கு புதிதாகத் தொடங்குவதால், நிமிடக் கணக்கில் வளர வேண்டிய பிழை அரை நொடிக்குமேல் வளர்வதில்லை. ஆய்வாளர் எரிக் ஃபாக்ஸ்லின் 2005-இல் இதை விரிவாகச் செய்துகாட்டினார். ஸ்வீடனின் கே.டி.எச். பல்கலைக்கழகமும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து ஓப்பன்ஷூ என்ற பெயரில் இத்தகைய காலணிக் கருவியின் வடிவமைப்பை எல்லோருக்கும் திறந்துவைத்தன. ஆனாலும் புகைக்குள் வீரர்கள் நிமிர்ந்து நடப்பதில்லை, முழங்காலிட்டுத் தவழ்கிறார்கள். தவழும் காலில் அந்த அசையாத கணம் தெளிவாகக் கிடைப்பதில்லை.

நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் வேறு வழியில் போனது. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்காகத் தர்மிந்திரா ஆறுமுகம் தலைமையில் உருவான பாயிண்டர் என்ற அமைப்பு, மிகக் குறைந்த அதிர்வெண்ணில் மாறும் காந்தப் புலத்தைப் பயன்படுத்துகிறது. அதன் அலைநீளம் கிலோமீட்டர் கணக்கில் இருப்பதால் கான்கிரீட்டும் செங்கல்லும் அதற்கு ஒரு பொருட்டல்ல. மோதித் திரும்பும் சிக்கலும் இல்லை. தீயணைப்பு வண்டியில் உள்ள கம்பிச்சுருள் புலத்தை உண்டாக்க, வீரரின் உடையில் உள்ள உணரி அதை அளக்கிறது. விலை கொடுப்பது தூரத்தில்தான். தூரம் இரட்டித்தால் புலம் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

இன்றைய கைப்பேசி இவற்றில் ஒன்றை மட்டும் நம்புவதில்லை. வைஃபை, புளூடூத், நடை, காற்றழுத்தம் என எல்லாவற்றையும் கலந்து, எதை எவ்வளவு நம்பலாம் என்று கணத்துக்குக் கணம் எடைபோடுகிறது. சுவரைத் துளைத்து யாரும் நடக்க முடியாது என்பதையும் உள்வரைபடத்திலிருந்து கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.

இதே திறமைக்கு மறுபுறமும் உண்டு. 2016-இல் லண்டன் போக்குவரத்துக் கழகம் 54 சுரங்க ரயில் நிலையங்களில் நான்கு வாரம் ஒரு சோதனை நடத்தியது. பயணிகளின் கைப்பேசிகள் வைஃபை தேடி அனுப்பும் அடையாள எண்களை, யாருடையது என்று தெரியாதபடி மாற்றிச் சேகரித்தார்கள். 56 லட்சம் கருவிகள் பதிவாயின. கிங்ஸ் கிராஸிலிருந்து வாட்டர்லூவுக்கு மக்கள் 18 வெவ்வேறு வழிகளில் போகிறார்கள் என்று தெரிந்தது. நெரிசலைக் குறைக்க உதவும் தகவல் அது. இதே சேகரிப்பைக் கடைக்காரர் சொல்லாமல் செய்தால், எந்த அலமாரி முன் யார் எவ்வளவு நேரம் நின்றார் என்பது அவர் கைக்குப் போய்விடும். 2014-இல் ஐபோனின் இயங்குதளமான ஐ.ஓ.எஸ். 8, வைஃபை தேடும்போது போலி எண்களை மாற்றி மாற்றிக் காட்டத் தொடங்கியது இதைத் தடுக்கத்தான்.

நம் ஊர் மருத்துவமனையோ வணிக வளாகமோ நாளை இப்படியொரு வசதியை வாங்கும்போது, எத்தனை மீட்டர் துல்லியம் என்பதோடு இன்னும் சிலவற்றையும் கேட்க வேண்டும். இடத்தைக் கணக்கிடுவது கிரிக்கெட்டில் இருந்ததுபோல நோயாளியின் கைப்பேசியா, கட்டடத்தின் கணினியா? கட்டடம் என்றால், அந்தப் பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கலாம்? 2023-இல் நிறைவேறிய இந்தியாவின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலை வலியுறுத்துகிறது. அந்த ஒப்புதலைத் தமிழில், நுழைவாயிலிலேயே, படிக்க முடிகிற எழுத்தில் கேட்கிறார்களா? வார்டுகளை இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் உள்வரைபடத்தைத் திருத்தும் பொறுப்பு யாருடையது? ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்கிவிட வேண்டும்.